பிறந்த ஊரைப் பார்த்து வாருங்கள்

பால்யத்தில் ஓடி விளையாடிய ஊரை முதுமையில் மீண்டும் தரிசிக்கச் செல்பவர்களுள், தனுஷ்கோடியில் பிறந்தவர்களின் நிலை விசேஷமானது. 1914 முதல், சென்னையிலிருந்து போட் மெயில் ரயிலில் வந்த பிரயாணிகள் இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பலேறிய அந்தத் துறைமுகப் பட்டினம், 1964 டிசம்பர் 22 இரவில் வீசிய பெரும்புயலில் சின்னாபின்னமாகி, பின்னர் மனித வாசத்துக்குத் தகுதியற்றதென அரசாங்கத்தாரால் அறிவிக்கப்பட்டது. இன்று அங்கே செல்பவர்கள், கூரையிழந்த மாதா கோயிலின் பவளக்கல் சுவரைத் தடவிப் பார்த்து, ரயில் நிலையத்தின் சிதைவையே அடையாளமாகக் கொண்டு, தம் வீடிருந்த இடத்தை அநுமானித்துப் பேரக்குழந்தைகளுக்குச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. வீடும் வீதியும் நிலைத்திருக்கும் ஊர்களில் பிறந்தவர்கள் பாக்கியசாலிகள். ஆகையால், அங்கே இனி நமக்கு யார் இருக்கிறார்கள் என்று தயங்காமல், இந்த வருஷமே குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு உங்கள் ஊருக்கு ஒருமுறை போய் வாருங்கள்.