வினாவும் நிரலும்



நிரலாக்கம் கற்கப் புகுவோர் பலர் நிரலில் தடுமாறுவதைக் காட்டிலும் வினாவில் மிகுதியாகத் தடுமாறுகின்றனர். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பயனரிடம் வயதைக் கேட்டுப் பெற்று, அதனோடு ஒன்றைக் கூட்டுமாறு மாணவர் ஒருவர் பைத்தான் மொழியில் நிரல் எழுதுகிறார். நிரல் பாதியில் நின்று, 'டைப் எரர்' என்னும் பிழைச்செய்தியைக் காட்டுகிறது. உடனே இணையக் குழு ஒன்றில், "என் நிரல் ஓடவில்லை, ஏன்?" என்று கேட்கிறார். விடை வருவதில்லை, வந்தாலும் கடிந்துரையாக வருகிறது. அதன்பின் அவர் கேட்பதையே நிறுத்திவிடுகிறார். அங்ஙனம் நாம் ஒரு மாணவரை இழக்கிறோம்.

இவ்விடத்தில் நம் இலக்கணம் துணைநிற்கிறது. அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என வினாவை நன்னூல் ஆறாக வகுக்கிறது. தேர்வுக்கென நாம் மனனம் செய்த பட்டியலே இது. "ஏன் ஓடவில்லை?" என்பது அறியா வினா. அதில் குற்றமில்லை, ஆயினும் விடையளிப்பவர்க்குப் பற்றிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. "இதனை எழுதித் தருவீர்களா?" என்பதோ ஏவல் வினா. ஊதியமின்றித் தம் ஓய்வு நேரத்தை ஈவோர் அதற்கு முகஞ்சுளிப்பது இயல்பே.

அறியா வினாவை ஐய வினாவாக மாற்றுவதே நாம் பயிலவேண்டிய கலை. பிழை தோன்றும் சில வரிகளை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். பிழைச்செய்தியை எழுத்து மாறாமல் தர வேண்டும். எதிர்பார்த்தது யாது, நிகழ்ந்தது யாது, முயன்று பார்த்தவை யாவை எனக் கூற வேண்டும். இவ்வாறு எழுதும் மாணவர், "பயனர் தட்டச்சிட்ட 15 என்பதைப் பைத்தான் எண்ணாகக் கொள்கிறதா, எழுத்துச் சரமாகக் கொள்கிறதா?" என்று கேட்கும் நிலையை அடைவார். விடையின் பாதி அவ்வினாவிலேயே உள்ளது. 'இன்புட்' தருவது எப்போதும் சரமே; 'இன்ட்' கொண்டு அதனை எண்ணாக மாற்றிவிட்டால் கூட்டல் நிகழும். பல வேளைகளில் வினாவை எழுதி முடிக்கும் முன்னரே விடை புலப்பட்டுவிடுவதை நாமே கண்டிருக்கிறோம்.

குறை கேட்போரிடம் மட்டும் இல்லை. 2008ஆம் ஆண்டு தோன்றிய ஸ்டேக் ஓவர்ஃப்ளோ என்னும் புகழ்பெற்ற வினா விடைத் தளம், புதியவர்களைத் தான் இன்முகத்துடன் வரவேற்கவில்லை என்று 2018இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. போர்த்துக்கீசியம், ஸ்பானியம், ருசியம், சப்பானியம் ஆகிய மொழிகளுக்கு அது தனித் தளங்கள் அமைத்தது, தமிழுக்கு அமைக்கவில்லை. ஆதலின் நம் மாணவர் பிறமொழியில் கேட்கும் தயக்கத்தையும் சேர்த்துச் சுமக்கின்றனர். அவர்கள் முதலில் தம் ஐயத்தைத் தமிழில் எழுதட்டும். தமிழில் தெளிந்ததை ஆங்கிலத்தில் பெயர்ப்பது எளிது. தெளியாததை எம்மொழியிலும் கேட்க இயலாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் "ஓடவில்லை" என்று வரும்போது, விசைப்பலகையை நாம் வாங்கித் திருத்த வேண்டா. பிழைச்செய்தியை அவரே வாய்விட்டுப் படிக்கட்டும். வினாவை அவரோடு அமர்ந்து திருத்துவோம். கேட்கத் தெரிந்தவர் நாம் அருகில் இல்லாதபோதும் கற்பார்.