கிணற்று நீரிலுள்ள நைத்திரேற்றும் அதனைப் பயிருக்கு மீட்டலும்

(கமக்காரர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. குடிப்பதற்கும் தோட்டத்துக்கு இறைப்பதற்கும் நாம் பெரிதும் நம்பியிருப்பது கிணற்றையே. மாரியிற் பெய்யும் மழை செம்மண்ணினூடு இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலே தங்குகின்றது. ஆனால் அது தனியே இறங்குவதில்லை. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இட்ட யூரியாவில், பயிர் உண்ணாது விட்ட பங்கை மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. மண் அமோனியத்தைப் பிடித்து வைக்கும்; நைத்திரேற்றைப் பிடிக்கமாட்டாது. எருக்கும்பியும் மலசலகூடக் குழியும் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன. இதனால் வலிகாமத்தின் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லையாகிய இலீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியுள்ளமை ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளது.

இந்நீர் பார்வைக்குத் தெளிவானது, மணமுமில்லை. வளர்ந்தவர் அதனைக் குடித்து யாதொரு குறையும் உணரார். உடனடியான ஆபத்து புட்டிப்பால் குடிக்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கே. பால்மாவை இந்நீரிற் கரைத்துக் கொடுத்தால், நைத்திரேற்று குழந்தையின் வயிற்றில் நைத்திரைற்றாக மாறி, பிராணவாயுவைச் சுமக்கும் வல்லமையை இரத்தத்திற் குறைத்துவிடும். உதடும் நகமும் நீலநிறமடையும். முற்றினால் உயிர் போகும். 1945 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கொம்லி என்னும் வைத்தியர், இந்நோய்க்குக் கிணற்று நீரிலுள்ள நைத்திரேற்றே காரணமென எடுத்துக்காட்டினார். தாய்ப்பாலுக்கு இவ்வச்சமில்லை.

தண்ணீரைக் கொதிக்க வைத்தாற் போதுமென்று தாய்மார் பலர் எண்ணுகின்றனர். அது பெருந்தவறு. கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகும்; நைத்திரேற்றோ பாத்திரத்திலே தங்கிச் செறிவடையும். குளோரீன் இடுதலும் துணியில் வடித்தலும் இதற்குப் பயன்படா.

நீக்கும் முறைகள் சில உள. மெல்லிய சவ்வினூடு நீரை அழுத்திச் செலுத்தும் பொறி நல்ல குடிநீரைத் தரும்; நைத்திரேற்று கழிவு நீரிற் சேரும். அயன்களை மாற்றிக்கொள்ளும் பிசின்மணிகளும் உண்டு. அவற்றைக் கறியுப்புக் கரைசலாற் கழுவ வேண்டுமாதலால், அக்கழிவு தோட்டத்துக்கு ஆகாது. பற்றீரியாக்களைக் கொண்டு நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கினால் நீர் தூயதாகும். பசளை காற்றோடு போகும். மின்சாரத்தாலே நைத்திரேற்றை அமோனியாவாக்கி, அதனை அமிலத்திற் பிடித்து அமோனியம் சல்பேற்றாகப் பெறுவதை ஆராய்ச்சிக்கூடங்களிற் செய்து காட்டியுள்ளனர். நமது கிணற்றடிக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

ஆயினும், நைதரசனை மீட்கும் சாதனம் ஒன்று உங்களிடம் இப்போதே உண்டு. அது உங்கள் பயிரின் வேர். கணக்கைப் பாருங்கள். இலீற்றருக்கு 90 மில்லிகிராம் நைத்திரேற்றுள்ள நீரில் 20 மில்லிகிராம் நைதரசன் உண்டு. ஓர் ஏக்கருக்கு ஓரங்குல நீர் இறைத்தால் அது ஏறக்குறைய 102,800 இலீற்றர். அதனுடன் 2 கிலோகிராம் நைதரசன், அதாவது நாலரைக் கிலோகிராம் யூரியாவின் சத்து, தோட்டத்துக்குச் செல்கின்றது. பத்து முறை இறைத்தால் 45 கிலோகிராம். ஒரு மூடைக்குச் சற்றுக் குறைவு. இதனை எண்ணாது வழக்கமான யூரியாவையும் குறையாமல் இடுபவர், காசு கொடுத்து வாங்கியதைத் தமது கிணற்றிலேயே கொட்டுகின்றார்.

இறைத்த நீர் முழுவதும் வேரிற் படாது. ஆகையால் நீரில் வரும் நைதரசனிற் பாதியை மட்டும் கணக்கிற் கொண்டு, மேற்கட்டுப் பசளையைக் குறையுங்கள். முதற் போகத்தில் இரண்டு பாத்திகளில் மாத்திரம் செய்து விளைச்சலை ஒப்பிடுங்கள். அளவாக, அடிக்கடி இறைப்பது நன்று. வெள்ளமாகப் பாய்ச்சினால் மீட்டது மீண்டும் கீழே போய்விடும். அறுவடை செய்த காணியை மாரிக்கு வெறுமையாக விடாது, குரக்கனோ சோளமோ விதையுங்கள். சணல் நல்ல பசளைப் பயிரே. ஆனால் மிஞ்சிய நைத்திரேற்றை வாரியெடுக்கத் தானியப் பயிர் மேலானது.

நெற்செய்கையாளருக்கு ஒரு வார்த்தை. நீர் நிற்கும் வயற்சேற்றிற் காற்றில்லை. அங்கு செல்லும் நைத்திரேற்று வாயுவாகிப் போய்விடுமாதலால், அதனை நெல்லுக்குப் பசளையாகக் கணக்கிடலாகாது. இடும் யூரியாவையும் நிற்கும் நீரின்மேல் வீசாது, நீரை வடித்துச் சேற்றிற் கலக்குமாறு இடுக.

கிணற்று நீரைச் சோதிப்பிக்க விரும்புவோர், சுத்தமான போத்தலொன்றை அதே நீரால் மும்முறை அலசி, வாய்வரை நிரப்பி மூடி, அன்றைக்கே விவசாயப் போதனாசிரியரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கொடுத்து ஆலோசனை பெறுக. கோடையில் ஒருமுறையும் மாரி மழைக்குப் பின் ஒருமுறையும் சோதிப்பித்தல் வேண்டும். வீட்டிற் புட்டிப்பால் குடிக்கும் குழந்தை இருப்பின், முடிவு வரும்வரை அதன் பாலுக்கு வேறு நல்ல நீரையே எடுங்கள்.