வட்டமாக இருந்தால் மட்டும் போதாது

(லண்டன் மாதக் கூட்டத்தில் தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பெரிய பேச்சாளர் இல்லை. கிழக்கு லண்டனில் ஒரு வெயர்ஹவுஸில பொதி கட்டுறவள். எங்கட குழுவில 14 பேர்: ஒன்பது பெண்கள், ஐந்து ஆண்கள். போன வருசம் நிர்வாகம் ‘சமத்துவ உரையாடல்’ எண்டு ஒண்டு வைச்சது. மனேஜரே நடத்தினார். வட்டமாகக் கதிரை போட்டு, பிஸ்கட்டும் தந்து, “குறை இருந்தால் மனம்விட்டுச் சொல்லுங்கோ” எண்டார். ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. எப்பிடித் திறப்பம்? அடுத்த கிழமை யாருக்கு எந்த ஷிஃப்ட் எண்டு எழுதுறதும் அவர்தானே. ‘பிரச்சினை எதுவும் இல்லை’ என்று அறிக்கை போனது.

பிறகு தொழிற்சங்கத்தின் ஊடாக நாங்களே இரண்டாம் தரம் கூடினம். நாலு விசயத்தை மாத்தினம். முதலில் பெண்கள் மட்டும் தனியாக ஒரு மணித்தியாலம் கதைச்சம். நடத்துவதற்கு வேறு வேலைத்தலத்துத் தொழிற்சங்கத் தோழர் வந்தா, மனேஜர் வெளியில. கூட்டம் சம்பளத்தோட, வேலை நேரத்துக்குள்ள நடந்தது. வேலை முடிய வைச்சால் பாதிப் பேர் பிள்ளையைக் கூப்பிட ஓட வேணும். எல்லாருக்கும் இரண்டு நிமிசம், ஒருத்தரும் குறுக்க பேசுறேல்லை.

அந்தச் சுற்றில ஒரு அக்கா சொன்னா: “ஏழு வருசமாக இஞ்ச நிக்கிறன். ஃபோர்க்லிஃப்ட் பழக விருப்பமோ எண்டு ஒருத்தரும் என்னட்டக் கேட்டதில்லை.” ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினால் மணித்தியாலச் சம்பளம் கூட. ஓட்டுற நாலு பேரும் ஆண்கள். பயிற்சி நடக்கிறது சனிக்கிழமை. ஒரு தம்பி, “உங்களுக்கு விருப்பமில்லை எண்டுதான் நான் நினைச்சன்” எண்டான். பொய் சொல்லேல்லை, அவனுக்கு யோசிக்க வேண்டிய தேவை வரேல்லை.

இது புதுக்கதை இல்லை. 1968இல் டாகன்ஹாம் ஃபோர்ட் தொழிற்சாலையில் கார் இருக்கை உறை தைத்த 187 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களது வேலையைத் திறன் குறைந்த வேலை என்று தரம் பிரித்து, அந்தத் தரத்து ஆண்களின் சம்பளத்தில் 85 வீதமே கொடுத்தார்கள். மூன்று கிழமைப் போராட்டத்தின் பின் அது 92 வீதமானது. 1970இல் சம ஊதியச் சட்டம் வந்தது. ஆனால் தையலும் திறனுள்ள வேலைதான் என்று ஏற்க வைக்க, 1984இல் இன்னொரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. எது ‘திறமையான’ வேலை எண்டு தீர்மானிக்கிறது யார் என்பதுதான் அன்றும் இன்றும் கேள்வி.

ஆகவே நாங்கள் கதைச்சுக் கலைஞ்சு போகேல்லை. பயிற்சி வேலை நேரத்துக்குள்ள, எல்லாருக்கும், இன்ன திகதிக்கு முதல், இன்னார் பொறுப்பு எண்டு எழுதி 14 பேரும் கையெழுத்து வைச்சம். நிர்வாகம் இரண்டு மாசம் இழுத்தடிச்சது. ஆண்களின்ர கையெழுத்தும் அதில இருந்ததால, ‘பெண்களின் முறைப்பாடு’ எண்டு ஒதுக்க ஏலாமல் போச்சு. இப்ப இரண்டு பெண்கள் ஓட்டுகினம். அந்த அக்காவும் ஒராள்.

ஒரு எச்சரிக்கை. பாலியல் தொந்தரவை இப்பிடி வட்டத்தில வைச்சுப் பேசாதேங்கோ. பாதிக்கப்பட்டவளைச் செய்தவனுக்கு முன்னால இருத்துவது உரையாடல் இல்லை. அது முறைப்பாடாகப் போகவேணும், தொழிற்சங்கம் கூடப் போகவேணும். அதைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுப்பது 2024 ஒக்டோபரிலிருந்து இந்த நாட்டில் முதலாளியின் சட்டக் கடமை.

கடைசியாக எங்கட வீட்டுக் கதை. போன மூன்று கூட்டத்திலும் குறிப்பு எடுத்தது யார்? தேத்தண்ணிக் கோப்பை கழுவினது யார்? அரசியல் அறிக்கையை வாசிச்சது யார்? அடுத்த கூட்டத்தை, ஆளுக்கு இரண்டு நிமிசம் எண்டு இந்தக் கேள்விகளோட தொடங்குவம். ஆண் தோழர்கள் கடைசியாகப் பேசுங்கோ. முடிவை எழுதுவம், திகதியும் போடுவம்.