காளைக்காக யார் பேசுவது?



தைப்பிங் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களுக்கு மாட்டுப் பொங்கல் புதியதல்ல. லயத்துக்குப் பின்னால் கொட்டகையில் நின்ற மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் தீட்டி, பொங்கலை ஊட்டியவர்கள் அவர்கள். பழந்தமிழில் மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்ற பொருள் உண்டு. அதனால்தான் 2017 ஜனவரியில் சென்னை மெரினா கடற்கரையில் இளைஞர்கள் திரண்டபோது, கடல் கடந்து வாழும் தமிழர்களும் ஜல்லிக்கட்டுக்காகக் குரல் கொடுத்தார்கள்.

ஆனால், எதிர்த்தவர்கள் சொன்னது என்ன? அதைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

வழக்கின் கதை 2006இல் தொடங்குகிறது. ரேக்ளா பந்தயத்துக்கு அனுமதி கேட்டு வந்த வழக்கில்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஜல்லிக்கட்டுக்கும் சேர்த்துத் தடை விதித்தது. பின்னர் 2009இல் தமிழக அரசு ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டு வந்தது. 2011இல் மத்திய அரசு, காட்சிக்குப் பழக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் முழுத் தடை விதித்தது.

அந்த வழக்கில் விலங்கு நல வாரியம் வைத்த குற்றச்சாட்டுகள் சாதாரணமானவை அல்ல. வாலை முறுக்குவது, கடிப்பது, கண்ணில் எரிச்சலூட்டும் பொருளைத் தடவுவது, மது புகட்டுவது என்று அந்தப் பட்டியல் நீண்டது. காளையைப் பிள்ளையாக வளர்க்கும் எந்த விவசாயியும் இவற்றை நியாயப்படுத்த மாட்டார்.

எதிர்ப்பாளர்கள் தவறிய இடமும் உண்டு. ஸ்பெயின் நாட்டுப் பம்ப்லோனா நகரில் காலையில் தெருவில் ஓடும் காளைகள் அன்று மாலையே அரங்கில் வாளுக்கு இரையாகின்றன. ஜல்லிக்கட்டுக் காளையோ வாடிவாசலைத் தாண்டி வீடு திரும்புகிறது. மறு ஆண்டும் களம் காண்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்தபோது, அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் இருந்தவர்கள் மனம் புண்பட்டது இயல்பே. விளையாட்டு நின்றால் புலிக்குளம் போன்ற நாட்டு இனக் காளைகள் அடிமாடாகப் போய்விடும் என்ற அவர்களின் அச்சமும் புறந்தள்ளக் கூடியதல்ல.

மெரினா போராட்டத்துக்குப் பின் 2017இல் தமிழக சட்டமன்றம் சட்டத் திருத்தம் செய்தது. 2023 மே 18ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. அத்துடன், விதிகளைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த வேண்டும் என்றும் கூறியது.

அந்த விதிகள் எவை? திமிலை மட்டுமே தழுவ வேண்டும். வாலைப் பிடிக்கக் கூடாது. காளைக்கும் வீரருக்கும் மருத்துவப் பரிசோதனை வேண்டும். இவற்றை ஊன்றிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். எதிர்ப்பாளர்கள் சுட்டிக்காட்டிய குறைகள்தான் இன்று விதிகளாகியிருக்கின்றன. தடை கேட்டவர்கள் தடையைப் பெறவில்லை. ஆனால் காளைக்குப் பாதுகாப்பைப் பெற்றுத் தந்தார்கள். அவர்களைத் தமிழினத்தின் பகைவர்கள் என்று ஏசியவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மலேசியாவிலும் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இருக்கிறது. விலங்கை வதைத்தால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். விலங்குகளை மோதவிடுவதும் குற்றமே.

இருந்தாலும் ஒரு வேதனை தீரவில்லை. தடுப்பு வேலிக்கு அப்பால் நின்றவரையும் காளை முட்டிச் சாய்க்கிறது. மாடுபிடி வீரர்களும் பார்வையாளர்களும் இன்றும் உயிரிழக்கிறார்கள். விழுந்தவனின் தாய்க்கு வீரம் என்ற சொல் ஆறுதலாகுமா?

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் அடுக்குமாடிக்குப் போனபோது, மாடுகளை விற்றுவிட்டு அழுத குடும்பங்கள் இங்கே உண்டு. மாட்டின் மீது அன்பு என்றால் என்ன என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அன்பு பொங்கலன்று மட்டும் வருவதல்ல. ஆண்டு முழுவதும் தீனியும் தண்ணீரும் வைப்பது. மரபைக் காப்போம் என்று முழங்குகிறவர்கள் முதலில் காக்க வேண்டியது வாய் பேசாத அந்தக் காளையை. அதற்காகப் பேசுகிறவர் எந்தப் பக்கம் நின்றாலும், அவர் சொல்லுக்குச் செவி கொடுப்பதே தமிழ்ப் பண்பு.