களையறியும் கண் வேண்டும்

(வாடிப்பட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பெரியாற்றுக் கால்வாய் பாயும் இவ்வூர் வயல்களில் களையெடுக்கும் தாய்மார்க்கு இதை விளக்குதல் எளிது. நெல்லைப் போலவே தோன்றும் களையைத் தோகையும் தண்டும் பார்த்து இனங்காண்பவர்கள் நீங்கள். புற்றுநோயும் அத்தகைய களையே. அது புறத்திருந்து வந்த பகையன்று. நம் உயிரணுவே நெறி பிறழ்ந்து பெருகுவது. ஆதலின் நம் குருதியிலுள்ள காவலணுக்கள் பலகால் அதனைத் தம்மினமென்றே விட்டுவிடுகின்றன.

அக்காவலர்க்கு அடையாளங் காட்டுவதே மரபணுத் தடுப்பூசி. நோயாளியின் கட்டியில் ஒரு துணுக்கை எடுத்து, அதன் மரபணு எழுத்துகள் எங்கெங்கே பிழைபட்டன என்று படிக்கின்றனர். அப்பிழைகளைப் பொறித்த தூதிழையொன்றைச் செய்து உடலுள் செலுத்துகின்றனர். ஆங்கிலத்தார் எம்.ஆர்.என்.ஏ. என்பது இதனையே. உடலணுக்கள் அதனைப் படித்துப் பிழைப்புரதத் துணுக்குகளை ஆக்கிக் காட்டும். காவலணுக்கள் அவற்றை நினைவிற்கொண்டு, அவ்வடையாளமுள்ள அணுக்களைத் தேடியழிக்கும். இது வந்தபின் போரிடும் ஊசி. ஒருவர்க்குச் செய்தது பிறர்க்கு ஆகாது.

மாடர்னா, மெர்க்கு நிறுவனங்கள், தோலின் கரும்புற்றை அறுவையால் நீக்கிய 157 பேரிடம் இதனை ஆய்ந்தன. காவலணுக்களின் தளையகற்றும் மருந்தை மட்டும் பெற்றோரினும், அதனுடன் இவ்வூசியும் பெற்றோர்க்கு, நோய் மீளுதலோ இறப்போ நேரும் வாய்ப்பு 44 விழுக்காடு குறைந்ததென 2022இல் அறிவித்தன.

நம் மண்ணும் வாளாவிருக்கவில்லை. முத்துலட்சுமி அம்மையார் முயற்சியால் 1954இல் எழுந்த அடையாற்றுப் புற்றுநோய் நிலையம், நோயாளியின் அணுக்களையே எடுத்துப் பயிற்றித் திருப்பிச் செலுத்தும் தடுப்பூசியைக் கருப்பைவாய்ப் புற்றுக்கு ஆய்ந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2025இல், 480 மார்பகப் புற்றுநோயாளரின் மரபணுக்களைப் படித்துத் தொகுத்த சுவடியை வெளியிட்டது. அயலார் கட்டிகளை மட்டும் படித்திருந்தால் நம் மக்களின் பிழைகள் எங்ஙனம் புலப்படும்? இச்சுவடியே நாளைய ஊசிக்கு அடிக்கல்.

ஆயினும் ஒன்றை மறவாதீர்! கரும்புற்றுக்கான அவ்வூசி ஆய்வில் வளர்ந்தது. கடையில் வாங்கும் பொருளன்று. எல்லாப் புற்றுக்கும் ஊசி வந்துவிட்டதென்று பணம் பறிப்பாரை நம்பிக் கையிலுள்ள மருத்துவத்தைக் கைவிடாதீர். கட்டியோ, ஆறாப் புண்ணோ, முறையற்ற குருதிப்போக்கோ கண்டால் நாணி மறைக்காது உடனே மருத்துவமனை செல்லுங்கள். ஆய்விற் சேர அழைப்பின், ஒப்புதல் தாளைத் தமிழில் கேளுங்கள். விளங்காத தாளில் கையொப்பமிடாதீர். உடல் நமது, அதனைப் பற்றிய சொல்லும் நமக்கு விளங்க வேண்டும்.

களை முளையிலேயே கண்டால் கிள்ளுவது எளிது.