நீரிழிவும் பாதக் காவலும்



நீரிழிவு இன்று பல இல்லங்களில் நிலையான விருந்தாளியாகிவிட்டது. அது வந்தபின் முற்றும் அகல்வது அரிது. எனினும் அதனோடு நெடுங்காலம் நலமுற வாழ இயலும். அவ்வாழ்வு மருத்துவமனையில் கழியும் சில மணி நேரத்தால் மட்டும் அமைவதன்று. வீட்டில் நாள்தோறும் செய்யும் சிறு செயல்களால் அமைவது. அவற்றுள் பலரும் மறந்துவிடும் ஒன்று, பாதங்களைப் பேணுதல்.

ஓர் இல்லத்தில் இவ்வாறு நிகழ்ந்ததாகக் கொள்ளலாம். பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு உடைய ஒரு மூதாட்டி, திருவிழா நாளின் நண்பகலில் ஆலயத்தின் கருங்கல் தளத்தை வெறுங்காலுடன் வலம் வருகிறார். இளையோர் சூடு பொறாமல் நிழலுக்கு ஓடுகின்றனர். அவரோ அமைதியாக நடக்கிறார். அவருடைய பக்தியைக் கண்டு உடன்வந்தோர் வியக்கின்றனர். மூன்றாம் நாள் வீட்டுத் தரையில் ஈரத்தடம் கண்ட பேரன், “பாட்டி, உங்க காலிலே என்ன?” என்று கேட்கிறான். அப்போதுதான் உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து புண்ணாகியிருப்பது தெரிகிறது. அவருக்கு வலிக்கவே இல்லை. பொறுமை என்று பிறர் எண்ணியது உண்மையில் உணர்வின்மை.

இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் பழுதடைகின்றன. பெரும்பாலும் முதலில் நலிவன கால்விரல்களின் நரம்புகளே. உணர்வு குறைவதால் காயம் தெரிவதில்லை. இரத்த ஓட்டம் குறைவதால் காயம் எளிதில் ஆறுவதில்லை. கவனியாத புண்ணில் கிருமி புகுந்தால் விரலையோ காலையோ இழக்கவும் நேரிடும்.

வலி ஒரு பகையன்று, காவலன் என்னும் உண்மையை உலகிற்கு உணர்த்திய மருத்துவர்களுள் ஒருவர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்த அந்த ஆங்கிலேயர், 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயாளரின் விரல்கள் சிதைவதற்கு உணர்வின்மையால் நேரும் காயங்களே பெருங்காரணம் என்று அவர் கண்டார். உறங்கும்போது எலி கடித்ததைக்கூட உணராத நோயாளிகள் அங்கு இருந்தனர். அவர்கள் நாள்தோறும் தம் கைகால்களைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கக் கற்பிக்கப்பட்டனர். பின்னாளில் அமெரிக்காவில் பணியாற்றியபோது, நீரிழிவால் உணர்விழந்த பாதங்களுக்கும் அவ்வுண்மை பொருந்துவதை அவர் எடுத்துக்காட்டினார். நரம்பு சொல்லாததைக் கண் சொல்ல வேண்டும் என்பதே அதன் சாரம்.

இதற்கு நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் போதும். நல்ல வெளிச்சத்தில் உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு ஆகியவற்றைப் பார்த்தல் வேண்டும். குனிய இயலாதோர் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். பார்வை மங்கியோர்க்கு வீட்டார் பார்த்துச் சொல்லலாம். வெதுவெதுப்பான நீரின் சூட்டைக் கால் அறியாது. ஆதலின் முழங்கையால் அறிந்த பின்னரே காலைக் கழுவ வேண்டும். விரலிடுக்கில் ஈரம் தங்காமல் துடைத்தபின், வறண்ட குதிகாலில் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் தடவலாகாது. நகத்தை நேராக வெட்ட வேண்டும். காலாணியைப் பிளேடால் அறுத்தல் தீது. வீட்டினுள்ளும் செருப்பு வேண்டும். அணியும் முன் உள்ளே கல்லோ முள்ளோ கிடக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். தோல் பொருளை விலக்குவோர்க்கு எம்.சி.ஆர். எனப்படும் மென்ரப்பர் அடியுடைய செருப்புகள் ஏற்றவை. ஆலயத்திற்குக் கல் சுடுவதற்குமுன் காலையிலேயே செல்வதும், தடித்த பருத்திக் காலுறை அணிவதும், திரும்பியவுடன் பாதத்தைப் பார்ப்பதும் நன்று. புண்ணோ கொப்புளமோ நிறமாற்றமோ கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வலி இல்லை என்பது காத்திருப்பதற்குக் காரணமாகாது.

சமணக் குடும்பத்தார் கருத வேண்டிய மற்றொன்றும் உண்டு. “இரவு உணவுக்கு முன்” என்று மருத்துவர் மாத்திரை எழுதும்போது எட்டு மணி உணவையே எண்ணியிருப்பார். கதிரவன் மறையுமுன் உண்டு முடித்தவர், அம்மாத்திரையை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் விழுங்கினால் நள்ளிரவில் சர்க்கரை தாழக்கூடும். மார்கழியில் மாலை உணவிற்கும் காலை உணவிற்கும் இடையே பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆகிறது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உண்போரும் இன்சுலின் போடுவோரும் தம் உணவு நேரத்தை மருத்துவரிடம் தெளிவாகக் கூற வேண்டும். நோன்பு நாள்களுக்கும் முன்கூட்டியே அளவு கேட்டறிய வேண்டும். தாமாக மருந்தை நிறுத்துவதும் தவறு, வழக்கமான அளவையே போட்டுக்கொள்வதும் தவறு.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, மனக்குழப்பம் ஆகியவை சர்க்கரை தாழ்வதன் அறிகுறிகள். 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகி, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நள்ளிரவாயினும் நோன்பு நாளாயினும் அந்தச் சர்க்கரை நீரை உணவென்று எண்ணித் தயங்கலாகாது. அது உயிர் காக்கும் மருந்து. விரதம் கெட்டதே என்று கலங்கும் முதியவர்க்கு இதை அன்போடு எடுத்துச் சொல்வது வீட்டாரின் கடமை.

சிற்றுயிர்க்கும் தீங்கு நேராதபடி நிலம் நோக்கி அடிவைக்கக் கற்பித்தது சமண மரபு. அவ்வாறு நடக்கும் பாதமும் ஓர் உயிருக்கு உரியதே. அதற்கு நேர்ந்த தீங்கையும் நாளுக்கு ஒருமுறை கண் நோக்கட்டும். இன்று இரவு உறங்குமுன் ஒவ்வோர் இல்லத்துப் பேரப்பிள்ளையும் தாத்தா பாட்டியின் பாதத்தை விளக்கொளியில் ஒருமுறை பார்த்தால், இவ்வுரை பயன் பெற்றதாகும்.