நர்ஸ் எங்கே போனார்?

(செங்கல்பட்டில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று கூலியைப் பற்றிப் பேச வரவில்லை. ஆஸ்பத்திரி நர்சுகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "அது நமக்கெதற்கு?" என்று பின்வரிசைத் தோழர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. பொறுங்கள். நாம் செய்த ஒரு தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறோம்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். பேர் வேண்டாம். போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, நடவு வேலை செய்யும் தோழர் ஒருவரின் மகளைப் பிரசவ வலியோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். உள்ளே ஏற்கெனவே ஒரு பெண் வலியில் துடிக்கிறாள். வராந்தாவில் பாம்பு கடித்த ஒருவர். இருந்ததோ ஒரே நர்ஸ். நம் பெண்ணிடம் அவர் வர அரைமணி ஆயிற்று. நாம் என்ன செய்தோம்? கத்தினோம். "சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்குகிறாயா?" என்று கேட்டோம். அவர் பதில் பேசவில்லை. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது.

விடிந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர் முந்தின நாள் காலையிலேயே டூட்டிக்கு வந்தவர். ராத்திரி பார்க்க வேண்டிய மூத்த நர்ஸ் ரிட்டயராகி மாதக்கணக்காகிறது; அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை அண்ணா, எல்லாரும் அப்படித்தான் கேட்கிறாங்க" என்றார்.

24 மணி நேர சுகாதார நிலையத்துக்கு மூன்று நர்சுகள், ஆளுக்கு எட்டு மணி நேரம் என்பது ஏற்பாடு. ஒருவர் போனால் மற்ற இருவருக்கும் பன்னிரண்டு மணி. அதில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால்? இரண்டு தறி பார்த்தவனை நாலு தறி பார்க்கச் சொன்ன முதலாளியை ஆலைத் தொழிலாளர்களுக்குத் தெரியும். அதே கணக்குத்தான் இங்கும் நடக்கிறது.

ரிட்டயர்மெண்ட் என்பது இடி விழுவதுபோல் திடீரென்று வருவதா? ஒருவர் வேலையில் சேரும் அன்றே பிறந்த தேதி சர்வீஸ் புஸ்தகத்தில் ஏறிவிடுகிறது. போகும் நாள் முப்பது வருஷம் முன்பே தெரியும். கிழமாடு படுக்கும் முன்னே கன்றைப் பழக்குகிறவன் நம் விவசாயி. (நர்சம்மாக்கள் மன்னிக்க வேண்டும், வேறு உதாரணம் தோன்றவில்லை.) சர்க்காருக்கு மட்டும் இது தெரியாதா? தெரியும். காலி இடத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாமே!

கதையைக் கேளுங்கள். 2015-இல் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கான நர்சுகளைக் காண்ட்ராக்டில் எடுத்தார்கள். மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். வருஷம் ஓடியது, நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். பிறகு 14,000, 18,000 என்று சம்பளம் ஏறியது. நிரந்தரமோ, "காலி ஏற்படும்போது" என்றார்கள். அதாவது மூத்தவர் ரிட்டயரானால்தான் இளையவருக்கு இடம். 2020-இல் சர்க்கார் ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கியது, 2021-இல் 60 ஆக்கியது. இரண்டு வருஷம் அந்த வாசலும் அடைந்து கிடந்தது. மூத்தவர்மேல் குற்றமில்லை, இளையவர் காத்திருப்பதில் மட்டும் நியாயம் என்ன? கொரோனாவில் உயிரைப் பணயம் வைத்த 2,000-க்கு மேற்பட்ட காண்ட்ராக்ட் நர்சுகளை 2022 டிசம்பர் 31-உடன் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2025 டிசம்பரில் நர்சுகள் மறுபடி தெருவுக்கு வந்தார்கள். நம் ஜில்லாவின் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்திலும் உட்கார்ந்தார்கள். நம்மில் எத்தனை பேர் அங்கே போனோம்?

கிராம சுகாதார நர்ஸ் விஷயம் இன்னும் மோசம். 5,000 ஜனங்களுக்கு ஒருவர் என்பது கணக்கு. 2023 அக்டோபரில் 2,250 இடங்களுக்கு விளம்பரம் செய்தார்கள். பெருக்கிப் பாருங்கள்: ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள்! பக்கத்து ஊர் நர்ஸ் இரண்டு ஊரையும் சேர்த்துச் சுமக்கிறார். குழந்தைக்குத் தடுப்பூசி தள்ளிப்போகிறது, கர்ப்பிணிக்கு ரத்தசோகை இருப்பது பிரசவ நாளில்தான் தெரிகிறது.

உலகமெங்கும் இப்படித்தான் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். உண்மைதான். 2023-இல் உலகத்தில் 58 லட்சம் நர்சுகள் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பணக்கார நாடுகள் தங்கள் நர்சுகள் ரிட்டயரானதும் நம் பெண்களை அழைத்துக்கொள்கின்றன. இங்கே நிரந்தர வேலை இல்லாத பெண் விமானம் ஏறினால் அவளைக் குறை சொல்ல நாக்கு வரவில்லை. ஆனால் லண்டன் ஆஸ்பத்திரிக்கு ஆள் போகிறது, கடலோரக் குப்பத்துக்கு ஆள் இல்லை.

பணக்காரன் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவான். காலி இடத்தின் நஷ்டம் முழுதும் நம் தலையில்தான் விழுகிறது.

வருகிற கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள். நம் துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ் உண்டா? ஆரம்ப நிலையத்தில் எத்தனை பேர்? அடுத்து ரிட்டயராகிறவர் யார், எந்த மாதம்? அவர் இடத்துக்கு ஆளை இப்போதே போடச் சொல்லித் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்துப் போடுங்கள். ராத்திரி டூட்டி நர்சைத் திட்டுகிறவர் நம் ஆளாக இருந்தாலும் கையைப் பிடித்து வெளியே அழைத்து வாருங்கள்.